சத்து மாத்திரை

கேள்வி: கல்யாணமாகி ஒரு வருடம் ஆகிறது. வேலைக்காக வெளியூர் போன இடத்தில் ஒரு தடவை தப்பு நடந்துவிட்டது. சிறுநீர் போகும்போது எரிச்சல். சோதித்துப் பார்த்துக் கிளமிடியா என்ற பால்வினைத் தொற்று என்றார்கள். டாக்டர் டாக்ஸிசைக்ளின் எழுதிக் கொடுத்து, மனைவியையும் அழைத்துவரச் சொன்னார். அழைத்துப் போகவில்லை. என் மாத்திரையிலேயே ஒன்றை, சத்து மாத்திரை என்று சொல்லி, தினமும் இரவு பாலோடு அவளுக்குக் கொடுக்கிறேன். அவளுக்கு நாள் தள்ளிப்போயிருப்பதால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு இது முழுசாகக் குணமாகுமா?
— பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: பாக்டீரியாதான், ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் குணமாகும். நீங்கள்தான் ஒழுங்காகச் சாப்பிடவில்லையே தம்பி. காலை ஒன்று, இரவு ஒன்று என்று 7 நாளைக்குக் கொடுத்ததைப் பங்கு போட்டால் இருவருக்கும் அரைகுறைதான். பால் வேறு மருந்து உடம்பில் சேருவதைக் குறைக்கும்.

அதுகூடப் போகட்டும். நாள் தள்ளிப்போனதை ஏதோ நல்ல செய்தி மாதிரி கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். கர்ப்பிணிகளுக்கு டாக்ஸிசைக்ளினைத் தவிர்ப்பார்கள். அவர்களுக்கு வழக்கமாகக் கொடுப்பது அஸித்ரோமைசின் 1 கிராம், ஒரே வேளை. மனைவியை அழைத்து வாருங்கள் என்று டாக்டர் என்ன ஒப்புக்கா சொன்னார்?

பெரும்பாலான பெண்களுக்கு இதில் எந்த அறிகுறியும் இருக்காது. அவள் நன்றாகத்தானே இருக்கிறாள் என்று விட்டால் கிருமி கருக்குழாய் வரை போகும். பிரசவத்தின்போது குழந்தையின் கண்ணிலும் நுரையீரலிலும் தொற்றலாம். வெளியூரில் செய்ததைவிட அந்தப் பால் டம்ளர்தான் எனக்குப் பெரிய குற்றமாகப் படுகிறது. தாலி கட்டிவிட்டால், ஒருத்திக்குத் தெரியாமல் அவள் வாயில் மருந்து போடும் உரிமையும் சேர்ந்து வந்துவிடுமா?

இன்றோடு அவளுக்கு அந்த மாத்திரையை நிறுத்துங்கள். இரவே உண்மையைச் சொல்லுங்கள், உங்கள் அம்மாவை நடுவில் இழுக்காமல். காலையில் இருவரும் அரசு மருத்துவமனையில் பால்வினை நோய்களுக்கென்று உள்ள சுகவாழ்வு மையத்துக்குப் போங்கள், சிகிச்சை இலவசம். அவள் எத்தனை மாத்திரை சாப்பிட்டாள் என்று எண்ணி மகப்பேறு டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். எச்.ஐ.வி., சிபிலிஸ் ரத்தப் பரிசோதனையும் இருவருக்கும் வேண்டும். இருவர் சிகிச்சையும் முடிந்து ஒரு வாரம் ஆகும்வரை தள்ளியே இருங்கள். திரும்பத் தொற்றியிருக்கிறதா என்று 3 மாதம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். அவளுக்கு அதற்கு முன்பே ஒரு சோதனை உண்டு, டாக்டர் சொல்வார்.

அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்பாள். டாக்டரைப் பார்த்த கையோடு போகட்டும், தடுக்காதீர்கள். மாமனார் காரணம் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். அந்த வேலையையும் அவள் தலையில் கட்டாதீர்கள்.