ஆன்மிகமா, சாதகமா?

வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகள் இங்கே அரசு லிசேயில் (உயர்நிலைப் பள்ளியில்), கடைசி ஆண்டான தெர்மினால் வகுப்பில் படிக்கிறாள். பழங்காலத்தவர்க்குத் தத்துவம் என்பது ‘எக்ஸெர்சீஸ் ஸ்பிரித்துயெல்’ (ஆன்மிகப் பயிற்சி) என்று தத்துவ ஆசிரியர் சொன்னாராம். கன்னியர் மடங்களில் ஆண்டுதோறும் நடக்கும் ஞான ஒடுக்கத்தைத்தான் அப்படிச் சொல்வார்கள் என்று நான் நினைத்திருந்தேன். சமயத்தை வாசலிலேயே நிறுத்திவிடும் பள்ளிக்குள் இது எப்படி நுழைந்தது?
— ஒரு தாய், செந்த்-ஆந்த்ரே, ரெயூனியன் தீவு (பிரான்ஸ்)

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது, அந்தச் சொல்லைப் பரப்பியவருக்கே அந்தத் தயக்கம் இருந்தது. அவர் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் பியேர் ஹதோ (1922–2010). பிரெஞ்சில் அந்த ‘ஹ’ ஒலிக்காது. ஒலிக்கிறபடியே எழுதினால் ‘அதோ’ என்றாகி நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவீர்கள் என்பதால் இவ்வாறு எழுதுகிறேன். 1944-இல் கத்தோலிக்கக் குருப்பட்டம் பெற்று, 1952-இல் குருத்துவத்தை விட்டு விலகியவர். 1982-இல் பாரிஸின் உயர் ஆய்வு நிறுவனமான கொலேஜ் த ஃபிரான்ஸில் கிரேக்க, ரோமானியச் சிந்தனை வரலாற்றுக்கான பேராசிரியராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1977-இல் எழுதிய கட்டுரைக்கு இந்தச் சொற்றொடரையே தலைப்பாக வைத்தபோது, இது இக்கால வாசகரைச் சற்றுத் திகைக்க வைக்கும் என்று தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டார். ‘அறிவுப் பயிற்சி’ என்றால் கற்பனையும் உணர்ச்சியும் விடுபட்டுப்போகின்றன. ‘ஒழுக்கப் பயிற்சி’ என்றால் உலகத்தைப் பார்க்கும் பார்வையே மாறிப்போவது விடுபட்டுப்போகிறது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத் தள்ளிய பிறகு கையில் எஞ்சியது இந்தச் சொல்தான்.

இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் ‘ஞானப் பயிற்சிகள்’ என்ற 16ஆம் நூற்றாண்டு நூல் உங்களுக்கு நினைவுக்கு வருவது போலவே அவருக்கும் வந்தது. ஆனால் கடன் கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்பதில்தான் அவர் நம் எண்ணத்தைத் திருப்பிப் போடுகிறார். கிரேக்க, ரோமானியத் தத்துவப் பள்ளிகளில் வழங்கிய பயிற்சிகளைக் கிறித்தவத் துறவியர் எடுத்துக்கொண்டார்கள். பின்னர் இடைக்காலப் பல்கலைக்கழகங்களில் தத்துவம் இறையியலுக்குக் கருத்துகளை வடித்துக் கொடுக்கும் பணியாளாக மாறியபோது, பயிற்சி மடத்தோடு தங்கிவிட்டது, தத்துவத்துக்குப் பேச்சு மட்டும் மிஞ்சியது என்பது அவர் கணக்கு. ஆகவே உங்கள் மகளின் ஆசிரியர் வகுப்புக்குள் சமயத்தைக் கொண்டுவரவில்லை. தத்துவத்திடமிருந்து சமயத்துக்குப் போன ஒன்றின் பழைய முகவரியைச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான்.

ஹதோ இந்த முடிவுக்கு வந்தது ஞானத் தேட்டத்தால் அல்ல, படிப்பதில் நேர்ந்த சிக்கலால். பழைய நூல்கள் சொன்னதையே திரும்பச் சொல்கின்றன, ஓரிடத்தில் சொன்னதை வேறோரிடத்தில் மறுக்கின்றன; அறிவாளிகள் ஏன் இவ்வளவு ஒழுங்கில்லாமல் எழுதினார்கள்? ரோமப் பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸ் தமக்கென்று எழுதி வைத்த குறிப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். விருந்தில் வைத்திருக்கும் மீன் ஒரு பிணம், புகழ்பெற்ற மது வெறும் திராட்சைச் சாறு, தாம் உடுத்தும் அரச அங்கி கடற்சிப்பியின் குருதியில் தோய்த்த ஆட்டு மயிர் என்றெல்லாம் அவர் எழுதுகிறார். இதைப் படித்த அறிஞர்கள் சிலர் அவரை வாழ்வில் கசந்துபோனவர் என்றார்கள். அவர் உட்கொண்ட அபினியே இதற்குக் காரணம் என்று சொன்னவரும் உண்டு. ஹதோ இதை மறுத்தார். பொருளின் மேல் நாம் ஏற்றி வைக்கும் மதிப்பைக் கழற்றிவிட்டு, பொருளைப் பொருளாக மட்டும் பார்க்க வேண்டும் என்பது ஸ்டோயிக்குகள் என்ற பழங்காலத் தத்துவப் பள்ளியினர் சொல்லிக்கொடுத்த பயிற்சி. அரசர் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார், மனக்குறையைக் கொட்டவில்லை.

விடியற்காலையில் அடுத்த வீட்டுப் பாகவதர் சாதகம் செய்வதைச் சுவருக்கு இப்பாலிருந்து கேட்ட ஒருவர், “பாவம், இவருக்கு ஒரே வரிதான் தெரியும் போலிருக்கிறது” என்று இரங்கினால் எப்படி இருக்கும்? அந்த அறிஞர்கள் செய்த பிழை ஏறத்தாழ அதுதான். ஆகவே என்னைக் கேட்டால், ‘எக்ஸெர்சீஸ் ஸ்பிரித்துயெல்’ என்பதை ‘ஆன்மிகப் பயிற்சி’ என்று மொழிபெயர்ப்பதைவிடச் ‘சாதகம்’ என்பதே பொருந்தும் என்பேன். சாதகம் கச்சேரி ஆகாது. ஆனால் சாதகம் செய்யாதவர் மேடையேறினால் தெரிந்துவிடும்.

கேள்வி: மிஷெல் ஃபூக்கோ என்ற பிரெஞ்சுத் தத்துவவாதியும் இதையே சொன்னதாகப் படித்தேன். இருவரும் ஒரே கட்சிதானா?
— ஒரு மாணவர், செந்த்-பியேர், ரெயூனியன்

பதில்: ஒரே தெரு, வேறு வேறு வீடு. ஹதோவின் எழுத்தை விரும்பிப் படித்த ஃபூக்கோதான் கொலேஜ் த ஃபிரான்ஸுக்கு விண்ணப்பிக்கும்படி அவரைத் தூண்டினார். 1982 ஜனவரியில் தொடங்கிய தம் விரிவுரைகளில் ஃபூக்கோ ஒரு கோடு கிழித்தார்: மனிதன் உண்மையை எட்டுவது எப்படி என்று வினவும் சிந்தனை தத்துவம், உண்மையை எட்டுவதற்காக மனிதன் தன்னையே மாற்றிக்கொள்ளும் தேடலும் பயிற்சியும் ‘ஸ்பிரித்துவாலித்தே’ (ஆன்மிகம்). பழங்காலத்தில் இரண்டும் பிரியவில்லை. தெளிவாகச் சிந்தித்தால் போதும், அறிகிறவன் மாற வேண்டியதில்லை என்ற எண்ணம் வேரூன்றிய கட்டத்துக்கு அவர், 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் தத்துவவாதி தெகார்த்தின் பெயரால், ‘தெகார்த் கணம்’ என்று பெயரிட்டார். (1641-இல் வந்த தெகார்த்தின் நூலே ‘தியானங்கள்’ என்ற பெயரோடு, ஒரு நாளுக்கு ஒன்றாக ஆறு தியானங்களாக அமைந்திருப்பதை வைத்து ஃபூக்கோவோடு வாதிடலாம். நான் வாதிடுவேன்.)

ஹதோ கண்ட குறை வேறு. ஃபூக்கோவின் ‘தன்னைப் பேணல்’ தன்னைச் சுற்றியே வருகிறது, தன் வாழ்வை ஒரு கலைப்பொருளாகச் செதுக்குவதில் முடிகிறது என்றார். ரோமானிய ஸ்டோயிக் செனெக்கா சொல்லும் மகிழ்ச்சி தன்னிடத்தில் பெறும் இன்பமன்று. தன்னுள் இருக்கும் உயர்ந்த பகுதியில், அதாவது எல்லார்க்கும் பொதுவான அறிவில், பெறுவது. அந்தப் பொதுமையையும் இயற்கை முழுவதையும் விட்டுவிட்டால் எஞ்சுவது நம் காலத்துக்கேற்ற ஒரு ‘தாந்தி’த்தனம்தான் என்று அஞ்சினார், தமிழில் மைனர்த்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த உரையாடல் நேருக்கு நேர் நீளவில்லை; 1984 ஜூனில் ஃபூக்கோ இறந்துவிட்டார். இந்த வழக்கில் என் வாக்கு ஹதோவுக்கே. அதற்காக ஃபூக்கோவை மைனர் என்று தள்ளிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. பழைய நூல்களை நோக்கிக் கேள்வியை இவ்வளவு கூர்மையாகத் தீட்டியவர் அவரே.

கேள்வி: தீமிதிக்கு முன் 18 நாள் ‘கரேம்’ (நோன்பு) பிடிக்கிறோமே, அதுவும் தத்துவம்தானா? “கற்றபின் நிற்க அதற்குத் தக” என்று வள்ளுவர் சொன்னதற்கு மேல் இந்தப் பிரெஞ்சுக்காரர் என்ன சொல்லிவிட்டார்?
— ஒரு வாசகர், செந்த்-போல், ரெயூனியன்

பதில்: கரேம் பிடிப்பவர் கறியும் மதுவும் விலக்கி, தனித்துப் படுத்து, பேச்சை அடக்கி நடந்துகொள்வதைப் பார்த்தால் கிரேக்கர் ‘அஸ்கேசிஸ்’ (பயிற்சி) என்று சொன்னது நினைவுக்கு வரத்தான் செய்யும், முழு ஆளும் மாற வேண்டும் என்பது இரண்டிலும் உண்டு. ஆனால் நோன்பு தெய்வத்துக்கு நேர்ந்துகொண்டது. அங்கே காப்பது பாஞ்சாலி அம்மன். ஸ்டோயிக்கின் சாதகத்தில் வேலை செய்வது தன் தீர்ப்பைத் தானே சோதிக்கும் அறிவு. விவாதமில்லாத நோன்பு நோன்பாகவே நிற்கும். விவாதமில்லாத தத்துவம் நிற்காது.

குறளைப் பற்றி: நம்மிடம் எல்லாம் இருக்கிறது என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிடும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. ‘நிற்க’ என்ற கட்டளை குறளில் உண்டு. நாள்தோறும் எவ்வாறு நிற்கப் பழகுவது என்ற கைமுறைதான் ஹதோ தேடியது. கிழக்கோடு ஒப்பிடுவதை நெடுங்காலம் விரும்பாதிருந்த அவர், 1995-இல் எழுதிய நூலில் அந்த நிலையைச் சற்றுத் தளர்த்திக்கொண்டதையும் சொல்ல வேண்டும்.

கேள்வி: ஜூனில் ‘பக்’ என்ற பள்ளி இறுதித் தேர்வு. நான்கு மணி நேரம் உட்கார்ந்து தத்துவக் கட்டுரை எழுத வேண்டும். மதிப்பெண்ணுக்குப் படிப்பதில் யாருடைய வாழ்க்கை மாறப்போகிறது?
— ஒரு மாணவி, செந்த்-தெனி, ரெயூனியன்

பதில்: லிசேயில் தத்துவம் கற்பித்தவரான சிமோன் வெய் (1909–1943) இதற்கு நேராக விடை எழுதியிருக்கிறார். பள்ளிப் படிப்பின் பயனைப் பற்றி 1942-இல் அவர் எழுதிய கட்டுரை, கிறித்தவ மாணவர்களுக்காக, ஜெபத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஹதோவின் பாதை அதுவன்று. ஆயினும் அதில் வரும் ஒரு காட்சியை மறக்க முடியாது. “கவனியுங்கள்” என்று ஆசிரியர் சொன்னவுடன் மாணவர்கள் புருவத்தை நெரித்து, மூச்சைப் பிடித்து, தசைகளை இறுக்கிக்கொள்கிறார்கள். இரண்டு நிமிடம் கழித்து எதைக் கவனித்தீர்கள் என்று கேட்டால் விடை இல்லை. கவனம் என்பது முறுக்கிக்கொள்வதன்று, எண்ணத்தைச் சற்று நிறுத்தி, பொருள் உள்ளே வர இடம் விடுவது என்கிறார். வடிவியல் கணக்கு ஒரு மணி நேரம் முயன்றும் வராமற்போனாலும் அந்த மணி வீணன்று, அதன் பலன் வேறோரிடத்தில் தெரியும் என்பதும் அவர் கருத்து.

இன்னொன்றையும் அவர் வலியுறுத்தினார். தேர்வுக்கும் அது உதவும். திருத்தி வந்த விடைத்தாளின் மூலையிலுள்ள எண்ணைப் பார்த்துவிட்டுப் பைக்குள் திணிக்காமல், பிழை ஒவ்வொன்றின் முன்னும் நின்று, அது எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்க வேண்டும். கசப்பான வேலைதான். அடுத்த தாள் வந்ததும் ஒருமுறை செய்து பாருங்கள். நடந்ததை எனக்கு எழுதுங்கள்.