வியன்னா மாநாட்டுக்குத் தயாராகும் இடர் ஆய்வாளர்களுக்கு: கேள்வி பதில்

ஐரோப்பிய புவி அறிவியல் ஒன்றியத்தின் வருடாந்திரப் பொதுச்சபை வழக்கம்போல ஏப்ரல் வாக்கில் வியன்னாவில் கூடுகிறது. ஆய்வுச்சுருக்கம் அனுப்பக் கடைசி நாள் ஜனவரியிலேயே வந்துவிடும். நிலச்சரிவு, வெள்ளம், நிலநடுக்கம், சுனாமி, எரிமலை, காட்டுத்தீ என்று ஏதாவது ஓர் இடரோடு மல்லுக்கட்டும் நம் குழுவில் இந்த முறை முதன்முதலாகப் போகிறவர்கள் நிறைய பேர். நான் நிலச்சரிவு ஆய்வாளர், அங்கே அமர்வு ஒருங்கிணைத்த அனுபவமும் உண்டு. அதனால் கேள்விகளை எனக்கு அனுப்பச் சொன்னேன். வந்தவற்றுக்குப் பதில் கீழே.

கேள்வி: அக்கா, என் மாடல் இன்னும் ஓடி முடியவில்லை. முடிவே இல்லாமல் ஜனவரியில் சுருக்கம் அனுப்பலாமா?

அனுப்பலாம், பாதிப் பேர் அந்த நிலையில்தான் அனுப்புகிறார்கள். ஆனால் "முடிவுகள் மாநாட்டில் விவாதிக்கப்படும்" என்று மட்டும் எழுதாதீர்கள், அந்த வரி படிப்பவருக்கு எதுவுமே சொல்வதில்லை. கையில் இருப்பதை எழுதுங்கள். நிலச்சரிவுப் பதிவேடு தயாராக இருக்கிறதா? எந்தப் பரப்பு, எந்த ஆண்டுகள், எத்தனை சரிவுகள், எந்தச் செயற்கைக்கோள் படத்திலிருந்து எப்படி வரைந்தீர்கள் என்று சொன்னால் அதுவே ஒரு முடிவுதான். அதில் என்ன குறை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சென்டினல்-2 இரட்டைச் செயற்கைக்கோள்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறை அதே இடத்தைப் படம் பிடிக்கும் என்றாலும், மழைக்காலத்தில் மேகம் மூடியிருந்தால் வாரக்கணக்கில் தரையே தெரியாது. அப்போது ஒரு சரிவு இன்ன தேதியில் நடந்தது என்று சொல்ல முடியாது, இந்தப் படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் எப்போதோ நடந்தது என்றுதான் சொல்ல முடியும். மழை அளவோடு ஒப்பிடப் போகும் ஆய்வுக்கு அந்த இடைவெளி மிகப் பெரிய விஷயம். அதை முதலிலேயே சொல்லிவிட்டால், அதே சிக்கலில் இருக்கும் நான்கு பேர் உங்களைத் தேடி வருவார்கள்.

கேள்வி: மழையால் வரும் நிலச்சரிவை மெஷின் லேர்னிங் வைத்துக் கணிக்கிறேன். நிலச்சரிவு அமர்வா, மெஷின் லேர்னிங் அமர்வா? இரண்டுக்கும் அனுப்பக்கூடாதா?

முதல் ஆசிரியராக ஒரு சுருக்கம்தான் என்பது பொதுவான விதி, அதனால் யோசித்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். எங்கே கூட்டம் அதிகம் என்று பார்க்காதீர்கள், எந்தக் கேள்விகளை எதிர்கொள்ள விரும்புகிறீர்கள் என்று பாருங்கள். நிலச்சரிவு அமர்வில் பாறை, மண், சரிவின் வகை, நிலத்தடி நீர் அழுத்தம் என்று கேட்பார்கள். மற்ற அமர்வில் சோதனை முறையைப் பிரித்து மேய்வார்கள்.

என் அனுபவத்தில் இந்த மாதிரி ஆய்வுகள் தடுமாறுவது அந்தச் சோதனை முறையில்தான். வரைபடத்தின் கட்டங்களைக் குலுக்கி எடுத்துப் பயிற்சிக்குக் கொஞ்சம், சோதனைக்குக் கொஞ்சம் என்று பிரித்தால், ஒரே சரிவின் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் இரண்டு பக்கமும் போய்விடும். பயிற்சியில் பார்த்ததையே மாடல் மறுபடியும் சோதனையில் பார்க்கிறது, மதிப்பெண் தொண்ணூறைத் தாண்டுகிறது, ஆனால் பக்கத்துப் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோனால் ஒன்றும் நிற்பதில்லை. ஒரு முழுப் பள்ளத்தாக்கையே ஒதுக்கி வைத்துச் சோதியுங்கள். முடிந்தால் பழைய ஆண்டுகளில் பயிற்சி கொடுத்து அடுத்த ஆண்டின் மழையில் சோதியுங்கள். மதிப்பெண் குறையும், குறையட்டும். அந்தக் குறைந்த எண்ணைத்தான் எச்சரிக்கை கொடுக்கும் ஒருவர் நம்ப முடியும்.

கேள்வி: மேடம், எனக்குப் பேச்சு கிடைக்கவில்லை, போஸ்டர் கொடுத்துவிட்டார்கள். என் ஆய்வு சரியில்லை என்று அர்த்தமா?

இல்லவே இல்லை. பேச்சு என்றால் சில நிமிடங்கள், ஒன்றிரண்டு கேள்விகள், அடுத்தவர் வந்துவிடுவார். போஸ்டர் பக்கத்தில் நின்றால் ஒரே மனிதரோடு அரை மணி நேரம் பேசலாம், அவர் கையில் பேனாவை எடுத்து உங்கள் வரைபடத்திலேயே கோடு போட்டுக் காட்டுவார். முதல்முறை போகிறவர்களுக்கு நான் போஸ்டரைத்தான் சிபாரிசு செய்வேன். பிகோ என்று ஒரு வகையும் உண்டு. எல்லோரும் ஆளுக்கு இரண்டு நிமிடம் மேடையில் சொல்லிவிட்டு, பிறகு தொடுதிரை முன்னால் நின்று விரிவாகக் காட்டுவார்கள். அது கிடைத்தால் விடாதீர்கள்.

கேள்வி: வெள்ள வரைபடத்தில் "நூறாண்டு வெள்ளம்" என்று எழுதினால் பொறியாளர்களுக்குப் புரிகிறது, மற்றவர்கள் நூறு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும் என்று நினைக்கிறார்கள். எப்படிக் காட்டுவது?

ஆண்டுக்கு 1 சதவீத வாய்ப்பு என்று எழுதுங்கள், அப்புறம் அதை ஒரு மனிதரின் கால அளவுக்குக் கொண்டு வாருங்கள். 30 ஆண்டு ஒரே வீட்டில் இருப்பவர் அந்த அளவு வெள்ளத்தை ஒருமுறையாவது பார்க்கும் வாய்ப்பு ஏறக்குறைய 26 சதவீதம். நூறு ஆண்டில் 63 சதவீதம், அப்போதும் நூறு ஆகாது. இந்த இரண்டு எண்களையும் வரைபடத்தின் ஓரத்தில் போட்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

இதைவிட முக்கியமானது, அந்த 1 சதவீதம் எங்கிருந்து வந்தது என்பது. பல ஆறுகளில் 40, 50 ஆண்டு அளவீடுதான் இருக்கும், அதை நீட்டித்துத்தான் நூறாண்டுக் கணக்கைப் போடுகிறோம். அந்த அளவீட்டிலும் உச்ச வெள்ளத்தின்போது ஆற்றுக்குள் இறங்கி யாரும் நீரோட்டத்தை அளந்திருக்க மாட்டார்கள். நீர்மட்டத்தை மட்டும் படித்து, சாதாரண நாட்களில் அளந்து போட்ட மட்டம்–ஓட்டம் வளைகோட்டை மேலே நீட்டி எண்ணை எடுத்திருப்பார்கள். ஆக நீட்டிப்பின் மேல் நீட்டிப்பு. போதாததற்கு மழையின் போக்கும் ஆற்றுப் படுகையும் மாறிக்கொண்டே இருக்கின்றன. அதனால் ஒற்றைக் கோடாகக் கரையை வரையாதீர்கள், கீழ் எல்லை, மேல் எல்லை என்று பட்டையாகக் காட்டுங்கள். "இவ்வளவு அகலமான பட்டையை வைத்துக்கொண்டு நான் என்ன முடிவெடுப்பது" என்று ஒரு அதிகாரி கோபப்படலாம். அந்தக் கேள்வியை அங்கேயே பேசித் தீர்ப்பதற்குத்தான் இந்த மாநாடு.

கேள்வி: நிறம்?

வானவில் வண்ண அளவுகோல் வேண்டாம், இல்லாத எல்லைகளை இருப்பதுபோல் காட்டிவிடும். சிவப்பையும் பச்சையையும் எதிரெதிராக வைக்காதீர்கள், அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாதவர்கள் அரங்கில் கட்டாயம் இருப்பார்கள். விரிடிஸ் மாதிரி ஒளி சீராக ஏறும் வண்ண அளவுகோல் பல மென்பொருள்களில் இருக்கிறது.

கேள்வி: நான் சமூகவியல் பக்கம். எச்சரிக்கை வந்தும் மக்கள் ஏன் கிளம்புவதில்லை என்பது என் ஆய்வு. சமன்பாடே இல்லாமல் அங்கே வந்தால் மதிப்பார்களா, சார்–மேடம் எல்லாம் என்ன நினைப்பார்கள்?

தயவுசெய்து வாருங்கள். கொலம்பியாவில் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை 1985 நவம்பர் 13 அன்று வெடித்தபோது ஆபத்துப் பகுதி வரைபடம் ஏற்கெனவே கையில் இருந்தது, ஒரு மாதம் முன்னால்தான் வெளியிட்டிருந்தார்கள். அர்மேரோ நகரம் சேற்றுப் பாய்ச்சலின் பாதையில் இருப்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. வெடித்த பிறகு சேறு நகரத்தை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அப்படியும் 20,000-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அங்கே எரிமலை அறிவியல் தன் வேலையைச் செய்திருந்தது. வரைபடத்துக்கும் வீட்டு வாசலுக்கும் இடையில் என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை என்பதுதான் கேள்வி, அது உங்கள் துறை.

மறுபக்கம் பாருங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்தது இந்தோனேசியாவின் சிமேலு தீவு. எந்தக் கருவியும் எச்சரிக்கவில்லை, அலை வரச் சில நிமிடங்களே இருந்தன. ஆனால் 1907-இல் வந்த சுனாமியின் கதையைத் தாத்தா பாட்டிகள் சொல்லிச் சொல்லி வளர்த்திருந்ததால், தரை பலமாக ஆடியதும் மக்கள் மேட்டுக்கு ஓடினார்கள். ஏறக்குறைய 78,000 பேர் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் ஏழு பேர் என்று பதிவாகியிருக்கிறது. இதை எந்தச் சமன்பாடு விளக்கும்? உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எத்தனை பேரிடம் பேசினீர்கள், யாரிடம் பேச முடியவில்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள். பகலில் வீட்டில் இருந்தவர்களை மட்டும் கேட்டிருந்தால் வேலைக்குப் போனவர்களின் குரல் அதில் இருக்காது.

கேள்வி: பத்திரிகையாளர்களும் வருவார்களாமே? "அடுத்த பெரிய நிலநடுக்கம் வருமா, வராதா" என்று கேட்டால் பயமாக இருக்கிறது. லாக்விலா வழக்கைப் படித்ததிலிருந்து வாயே திறக்கத் தோன்றவில்லை.

அந்த வழக்கைப் பலர் தவறாகத்தான் தெரிந்துவைத்திருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இத்தாலியின் லாக்விலாவில் 2009-இன் தொடக்க மாதங்களில் சிறு சிறு அதிர்வுகள் தொடர்ந்து வந்தன. மார்ச் 31 அன்று அரசின் இடர் ஆணையம் அங்கே கூடியது. அந்தச் சமயத்தில் ஓர் அதிகாரி தொலைக்காட்சியில், ஆபத்து இல்லை, சிறு அதிர்வுகள் ஆற்றலை வெளியேற்றுவதால் இது நல்லதுதான் என்கிற தொனியில் பேசினார். ஏப்ரல் 6 அதிகாலையில் 6.3 அளவு நிலநடுக்கம் வந்து 309 பேர் இறந்தார்கள். 2012-இல் ஆறு விஞ்ஞானிகளுக்கும் அந்த அதிகாரிக்கும் ஆறு ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2014-இல் மேல்முறையீட்டில் விஞ்ஞானிகள் ஆறு பேரும் விடுவிக்கப்பட்டார்கள், அதிகாரியின் தண்டனை இரண்டு ஆண்டாகக் குறைந்தது.

நிலநடுக்கத்தை முன்கூட்டியே கணிக்கவில்லை என்பதல்ல குற்றச்சாட்டு. மக்களுக்குத் தவறான ஆறுதல் போய்ச் சேர்ந்தது, அதை நம்பி வழக்கமாக வெளியே போய்ப் படுப்பவர்கள் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார்கள் என்பதுதான் வழக்கின் மையம். ஆகவே வாயை மூடிக்கொள்வது இதற்குத் தீர்வு ஆகாது, பேசத் தெரிந்தவர்கள் ஒதுங்கினால் அந்த இடத்தில் தெரியாதவர் பேசுவார். மூன்று பகுதியாகப் பேசுங்கள். தேதி சொல்ல இன்று எந்த முறையும் இல்லை. இந்தப் பகுதியில் நீண்ட கால வாய்ப்பு இவ்வளவு. இப்போது செய்யக்கூடியது கட்டடத்தை வலுப்படுத்துவது. சிறு அதிர்வுத் தொடர் வந்தால் பெரியது வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது, ஆனாலும் பெரும்பாலான தொடர்கள் பெரிதாக எதுவும் நடக்காமலே அடங்குகின்றன. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். முதல் பாதியை மட்டும் சொன்னால் பீதி, இரண்டாவதை மட்டும் சொன்னால் லாக்விலா.

கேள்வி: களப் படங்களில் இடிந்த வீடுகள், மனிதர்கள் இருக்கிறார்கள். போஸ்டரில் போடலாமா?

முகம் தெரிந்தால் அவர்கள் சம்மதம் வேண்டும், கிடைக்கவில்லை என்றால் போடாதீர்கள். வீட்டு எண், வண்டி எண், அலமாரியில் இருக்கும் குடும்பப் படம் இவற்றையும் மறைத்துவிடுங்கள். இழப்பின் அளவைக் காட்ட அழுகிற ஒரு முகம் தேவையில்லை, விரிசலின் அகலமும் சேறு ஏறிய உயரமும் போதும். அந்த வீட்டுக்காரர் நாளை உங்கள் போஸ்டரை இணையத்தில் பார்த்தால் என்ன நினைப்பார் என்பதுதான் நான் எப்போதும் வைத்துப் பார்க்கும் அளவுகோல்.

கேள்வி: விசா, பயண உதவி?

ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். சுருக்கம் ஏற்கப்பட்ட கடிதம் வரும்வரை மற்ற ஆவணங்களைத் திரட்டி வையுங்கள். பயண உதவி கேட்பவர்களுக்குச் சுருக்கத்தின் கடைசி நாள் ஜனவரிக்கு முன்பே வந்துவிடும், இதைக் கவனிக்காமல் ஆண்டுதோறும் நல்ல மாணவர்கள் வாய்ப்பை விடுகிறார்கள். போக முடியாவிட்டால் இணையவழியிலும் பங்கேற்கலாம்.

கேள்வி: கேள்வி நேரத்தில் பதில் தெரியாவிட்டால்?

"அதை நான் சோதிக்கவில்லை" என்று சொல்லிவிட்டு, சோதிக்க என்ன தரவு வேண்டும் என்று தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். அமர்வு முடிந்ததும் கேட்டவரைத் தேடிப் போய்ப் பேசுங்கள். பெரும்பாலும் அவரிடமே அந்தத் தரவு இருக்கும், அல்லது யாரிடம் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

கேள்வி: கடைசியாக ஒன்று அக்கா. எட்டு நிமிடப் பேச்சுக்கு எத்தனை ஸ்லைடு?

ஆறு, அதிகபட்சம் ஏழு. ஆய்வுப் பகுதியின் வரைபடத்துக்கு அரை நிமிடம் போதும், இலக்கிய அலசல் வேண்டவே வேண்டாம். நிச்சயமின்மையைக் காட்டும் ஸ்லைடைக் கடைசியில் வைக்காதீர்கள், நேரம் முடிந்தால் முதலில் வெட்டுப்படுவது அதுதான். முடிவைக் காட்டும் அதே படத்தில் அதையும் சேர்த்துவிடுங்கள். வீட்டில் கடிகாரம் வைத்து, சத்தமாக, நின்றுகொண்டு சொல்லிப் பாருங்கள். ஏழரை நிமிடத்தில் முடியும்வரை வெட்டுங்கள்.