ஆறு பாட்டு வேணாம், ரெண்டு போதும்

கேள்வி: நானே எழுதி மெட்டு போட்ட ஆறு பாட்டு இருக்கு, கிட்டார் வாசிச்சுக்கிட்டே பாடுவேன். கிராமத்துப் பக்கம் ஒருத்தர் வீட்டோட சேர்த்து சின்ன ஸ்டூடியோ வச்சிருக்கார். போன்ல ரொம்ப அன்பா பேசினார், ரெண்டு நாள் வந்து தங்கி ரெக்கார்ட் பண்ணிக்கோங்கன்னார். சின்ன இடத்துல சவுண்ட் நல்லா வருமா? மைக்கைப் பார்த்தாலே எனக்கு குரல் நடுங்கும், போகலாமா?

பதில்: போங்க தம்பி, யோசிக்கவே யோசிக்காதீங்க. குரல் நடுங்குற ஆளுக்கு மணிக்கணக்குல வாடகை ஓடுற பெரிய இடத்தை விட, பொறுமையா உக்காந்து கேக்குற ஒரு மனுஷர் இருக்குற சின்ன ரூம்தான் நல்லது. ஒரு நல்ல மைக், அமைதியான ரூம், கேக்கத் தெரிஞ்ச காது, குரலும் கிட்டாரும் மட்டும்னா இதுக்கு மேல என்ன வேணும். வேல்ஸ்ல இருக்குற ராக்ஃபீல்டு ஸ்டூடியோவே 1960கள்ல அண்ணன் தம்பி ரெண்டு பேர் தங்களோட பண்ணையில ஆரம்பிச்சதுதான், பெரிய பெரிய பேண்டெல்லாம் அங்க போய் தங்கி ரெக்கார்ட் பண்ணியிருக்காங்க.

ஆனா ரெண்டு நாள்ல ஆறு பாட்டு வேணாம். மைக் வைக்கிறது, லெவல் பாக்குறதுன்னு முதல் நாள் பாதி அதுலயே போயிடும், மிச்ச நேரத்துல ஆறையும் அவசரமா முடிச்சா ஒண்ணு கூட மனசுக்கு நிறைவா இருக்காது. ரெண்டு பாட்டு எடுங்க, நேரம் மிஞ்சினா மூணாவது.

நீங்க வாசிச்சுக்கிட்டே பாடுறவர்ங்கறதால முக்கியமா ஒண்ணு முடிவு பண்ணணும். ரெண்டையும் சேர்த்து எடுத்தா குரல் கிட்டார் மைக்குலயும் விழும், அப்புறம் பாட்டுல ஒரு வரி தப்பினா அதை மட்டும் தனியா மாத்துறது கஷ்டம். தனித்தனியா எடுத்தா திருத்த ஈஸி, ஆனா பழக்கமில்லாதவங்களுக்கு பாட்டுல உயிர் போயிடும். என்னைக் கேட்டா சேர்த்தே எடுங்க, ஒவ்வொரு பாட்டுக்கும் முழுசா நாலஞ்சு டேக், அதாவது ஆரம்பத்துல இருந்து கடைசி வரை நாலஞ்சு தடவை பாடி ரெக்கார்ட் பண்றது, நடுவுல நிறுத்தாம. சின்னத் தப்பு வந்தாலும் விடுங்க, பாட்டு நல்லா இருந்தா அது யார் காதுக்கும் உறுத்தாது.

நடுக்கத்துக்கு பாதி காரணம் ஹெட்போன்தான், இதை நிறைய பேர் கவனிக்கிறதில்ல. நம்ம குரல் அதுல ரொம்ப சத்தமா கேட்டா பயந்து அடக்கி பாடுவோம், கம்மியா கேட்டா கத்துவோம், குரல் கொஞ்சம் லேட்டா வந்து கேட்டா தாளமே போயிடும். கூச்சப்படாம சொல்லுங்க, மாத்தித் தருவார். ஒரு காதை திறந்து வச்சு பாடிப் பாருங்க, அதுவும் உதவும். சிவப்பு லைட்டைப் பார்த்தா பயம்னா, நீங்க ட்யூன் பண்ணும்போதே ரெக்கார்டிங்கை ஓட விடச் சொல்லுங்க, எப்ப ஆரம்பிச்சதுன்னே தெரியாம பாடிடுவீங்க.

கிராமம்னா அமைதின்னு நினைப்போம், ஆனா ராத்திரி பூச்சி சத்தம் இருக்கும், மழை வந்தா கூரை சத்தம் போடும். போனதும் ஒரு நிமிஷம் யாரும் பேசாம வெறும் ரூமை ரெக்கார்ட் பண்ணி ஹெட்போன்ல கேளுங்க, ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாம் அப்பதான் காட்டிக்கொடுக்கும்.

கிட்டாருக்கு புது கம்பி மாத்தணும்னா ரெண்டு நாள் முன்னாடியே மாத்திடுங்க. நான் முதல் தடவை போனப்ப அன்னிக்கு காலையில மாத்திட்டு போயிட்டேன், ஒவ்வொரு டேக்குலயும் சுதி இறங்கிக்கிட்டே இருந்துச்சு, அந்த நாளே வீணாச்சு, இன்னமும் மனசு வலிக்குது.

காசு விஷயத்தை முன்னாடியே பேசிடுங்க, மிக்ஸிங், அதாவது ரெக்கார்ட் பண்ண குரலையும் கிட்டாரையும் அளவா சேர்த்து முழுப் பாட்டா ஆக்குற வேலை, அந்த தொகையில சேருமா, எத்தனை தடவை திருத்தித் தருவார்னு. ஒரு ஹார்ட் டிஸ்க் எடுத்துட்டு போய் எல்லா டேக்கையும் 24 பிட் வேவ் (WAV) ஃபைலா, அதாவது தரம் குறையாத முழு ஃபைலா வாங்கிக்கோங்க, எம்பி3 மட்டும் வாங்கிட்டு வந்துடாதீங்க, பின்னாடி வேற யார்கிட்டயாவது மிக்ஸ் பண்ணணும்னா அந்த ஒரிஜினல்தான் வேணும்.

இன்னிக்கே ரெண்டு பாட்டை போன்ல பாடி அவருக்கு அனுப்புங்க, எந்த மைக் வைக்கலாம்னு அவரும் நீங்க வர்றதுக்குள்ள யோசிச்சு வச்சிருப்பார்.