பாக்கெட் கீட்டோ தின்பண்டங்கள்: வாங்கலாமா, வேண்டாமா? – கேள்வி பதில்

சர்க்கரை நோயாளிகளுக்கும் எடை குறைக்க வருபவர்களுக்கும் உணவு ஆலோசனை சொல்வது என் பணி. இப்போதெல்லாம் என்னிடம் வருபவர்கள் பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, “இதைச் சாப்பிடலாமா?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. மாவுச்சத்தை மிகவும் குறைத்து, கொழுப்பை அதிகமாக்கிச் சாப்பிடும் கீட்டோ முறைக்கென்று கீட்டோ பிஸ்கட், கீட்டோ மிக்சர், கீட்டோ சாக்லேட், கீட்டோ சப்பாத்தி மாவு என்று எல்லாம் வந்துவிட்டன. சென்னையின் பல பகுதிகளிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

மேடம், கீட்டோ முறையில் சாப்பிட்டு வருகிறேன். மாலைக் காபியோடு ஏதாவது கடிக்காமல் இருக்க முடியவில்லை. கீட்டோ பிஸ்கட் என்று விற்கிறார்களே, நம்பி வாங்கலாமா? (வேளச்சேரி)

முன்பக்கத்தை நம்பி வாங்காதீர்கள். பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். ‘சர்க்கரை இல்லாதது’ என்று அச்சிட வேண்டுமானால் 100 கிராமில் 0.5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது என்று நம் நாட்டில் விதி இருக்கிறது. ‘கீட்டோ’ என்ற சொல்லுக்கு அப்படி எந்த வரையறையும் இல்லை. அதனால் அந்தச் சொல் எதற்கும் உத்தரவாதம் ஆகாது.

சேர்மானப் பட்டியலில் எது எடையில் அதிகமோ அதுதான் முதலில் வர வேண்டும், இது சட்டம். பாதாம் மாவு, தேங்காய், வெண்ணெய், முட்டை, விதைகள் ஆகியவை முதல் இடங்களில் இருந்தால் மேற்கொண்டு படிக்கலாம். மால்டோடெக்ஸ்ட்ரின், மரவள்ளி மாவு, அரிசி மாவு, ஓட்ஸ், பேரீச்சம்பழம், வெல்லம், தேன் இவற்றில் ஏதாவது முதல் நான்கு இடங்களுக்குள் இருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். மால்டோடெக்ஸ்ட்ரின் இனிக்காது, ஆனால் இரத்தச் சர்க்கரையைக் குளுக்கோஸ் போலவே விரைவாக ஏற்றிவிடும். பட்டியலில் ‘சர்க்கரை’ என்று இல்லையே என்று நிம்மதி அடைபவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

அடுத்து, ‘ஒரு பரிமாறலுக்கு’ என்ற கட்டத்தை விட்டுவிட்டு ‘100 கிராமுக்கு’ என்ற கட்டத்தைப் பாருங்கள். ஒரு பரிமாறல் என்பது பல நேரங்களில் இரண்டே பிஸ்கட். இரண்டோடு எழுந்து போகிறவர் எத்தனை பேர்? 100 கிராமில் மாவுச்சத்து 30 கிராம், அதில் நார்ச்சத்து 12 கிராம் என்று போட்டிருந்தால், செரிக்காத நார்ச்சத்தைக் கழித்து மிச்சம் 18 கிராம். இதைத்தான் நிகர மாவுச்சத்து என்கிறார்கள். கீட்டோவில் ஒரு நாளின் மொத்த அளவே 20 முதல் 50 கிராம்தான். 100 கிராம் பாக்கெட்டில் பாதியை ஒரு மாலையில் காலி செய்தால் 9 கிராம் போய்விட்டது. காபியில் ஊற்றிய பால் தனிக் கணக்கு. இதையெல்லாம் கணக்கில் வைத்துக்கொள்ள முடியுமென்றால் எப்போதாவது இரண்டு பிஸ்கட் தவறில்லை.

அக்கா, கீட்டோ சாக்லேட் ஒரு முழுப் பட்டை சாப்பிட்டேன். இரவெல்லாம் வயிறு உப்பி, காலையில் பேதி. கெட்டுப்போன சரக்கா? (அண்ணா நகர்)

சரக்கு கெட்டிருக்க வேண்டிய அவசியமில்லை. உறையை எடுத்து, மால்டிட்டால் அல்லது சார்பிட்டால் என்று இருக்கிறதா பாருங்கள். இவை சர்க்கரை ஆல்கஹால் வகை இனிப்பூட்டிகள். போதை தரும் ஆல்கஹாலுக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. சிறுகுடல் இவற்றை முழுமையாக உறிஞ்சுவதில்லை. மிச்சம் பெருங்குடலுக்குப் போய், நீரை இழுத்து, கிருமிகளால் புளித்து, வாயுவாகவும் பேதியாகவும் வெளியேறுகிறது. இந்த வகை இனிப்பூட்டிகள் 10 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் பேதியாகலாம் என்ற எச்சரிக்கையை அச்சிட வேண்டும் என்பது விதி. எழுத்து பொடியாக இருப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

வயிற்றைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. மால்டிட்டால் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 2 கலோரி தருகிறது. சர்க்கரை அளவுக்கு இல்லாவிட்டாலும் இரத்தச் சர்க்கரையை உயர்த்துகிறது. ஆனால் சில நிறுவனங்கள் மொத்த மாவுச்சத்திலிருந்து அதை முழுவதுமாகக் கழித்துவிட்டு, ‘நிகர மாவுச்சத்து 2 கிராம்’ என்று முன்பக்கத்தில் பெரிதாகப் போடுகின்றன. நீங்கள் கணக்குப் போடும்போது மால்டிட்டாலில் பாதியை மட்டும் கழியுங்கள். இதே வகை இனிப்பூட்டியான எரித்ரிட்டால் பெரும்பாலும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுச் சிறுநீரில் போய்விடுவதால் வயிற்றை அவ்வளவாகப் படுத்தாது.

வீட்டில் நாய் இருந்தால் ஒன்று கவனியுங்கள்: சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்த பண்டம் நாய்க்கு நஞ்சு. ஒரு துண்டுகூடப் போட்டுவிடாதீர்கள்.

எனக்கு 61 வயது. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை. மாத்திரை சாப்பிடுகிறேன். என் மகன் கீட்டோ பார்களும் பிரெட்டும் ஒரு பெட்டி நிறைய அனுப்பியிருக்கிறான், ‘அப்பா, இனி இதையே சாப்பிடுங்கள்’ என்கிறான். ஆரம்பிக்கலாமா அம்மா? (மயிலாப்பூர்)

ஐயா, பெட்டியை அப்படியே வையுங்கள். உங்கள் மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு முதலில் மருத்துவரிடம் போங்கள்.

சீட்டில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற பெயர் இருந்தால் கீட்டோ முறை உங்களுக்கு ஆபத்தாக முடியலாம். இந்த மருந்துகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகின்றன. அதோடு மாவுச்சத்தையும் அடியோடு நிறுத்தினால், சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் இரத்தத்தில் கூடிவிடக்கூடும். குளுக்கோமீட்டரில் எண் சரியாகத்தானே இருக்கிறது என்று வீட்டில் இருந்துவிடுவார்கள். வாந்தி, வயிற்றுவலி, மூச்சுவாங்கல் என்று அவசரப் பிரிவுக்குப் போகும்போது நிலைமை முற்றியிருக்கும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ என்றால் சிக்கல் வேறு: மருந்தின் அளவைக் குறைக்காமல் சாப்பாட்டை மட்டும் குறைத்தால் தாழ்சர்க்கரை வந்து மயங்கி விழ நேரிடும். சிறுநீரகப் பாதிப்பு இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் மகனின் அக்கறை எனக்குப் புரிகிறது. நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) இன்டியாப் ஆய்வு சொன்னது; அதை முன்னின்று நடத்தியது நம் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம். அதே ஆய்வுக் குழு 2022இல் சொன்ன இன்னொன்றை உங்கள் மகனிடம் காட்டுங்கள். புதிதாகச் சர்க்கரை நோய் கண்டவர்கள் அதிலிருந்து மீள, மொத்தக் கலோரியில் மாவுச்சத்தின் பங்கை 49–54 விழுக்காடாகக் குறைத்து, புரதத்தை 20 விழுக்காட்டை ஒட்டி உயர்த்தலாம் என்பது அவர்களின் கணிப்பு. இது கீட்டோவுக்கு வெகுதொலைவில் இருக்கும் அளவு. உங்களுக்குப் பன்னிரண்டு ஆண்டு நோய் என்பதால் அதே பலனை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் தட்டில் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் கூட்டும் கீரையும் முட்டையோ மீனோ வைப்பது உங்கள் வயதில் தாங்கக்கூடிய மாற்றம்.

மருத்துவர் சம்மதித்த பிறகு அந்த பாரைச் சாப்பிட்டுப் பார்க்க விரும்பினால், சாப்பிடும் முன் ஒரு முறை, ஒரு மணி நேரம் கழித்து ஒரு முறை, இரண்டு மணி நேரத்தில் ஒரு முறை சர்க்கரை பாருங்கள். சில பார்களில் நார்ச்சத்து என்ற பெயரில் ஐசோமால்டோ ஒலிகோசாக்கரைடு சேர்க்கிறார்கள். அதில் ஒரு பகுதி செரிமானமாகிச் சர்க்கரையாகவே இரத்தத்தில் சேரும். உறை என்ன சொன்னாலும் உங்கள் விரல் நுனி இரத்தம் காட்டும் எண்ணை நம்புங்கள்.

எரித்ரிட்டாலால் மாரடைப்பு வரும் என்கிறார்களே, உண்மையா? (பெரம்பூர்)

2023இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் ஆய்வாளர்கள், இரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகமிருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்ததாக எழுதினார்கள். நம் உடலே கொஞ்சம் எரித்ரிட்டாலை உண்டாக்குகிறது. அதனால் அந்த ஆய்வு தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணத்தை நிரூபிக்கவில்லை. என் நிலைப்பாடு: ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் இதை அன்றாடப் பொருளாக்க வேண்டாம். மற்றவர்களும் இரண்டு வேளையும் இதில் இனிப்புச் செய்து சாப்பிடும் பழக்கத்தைத் தவிர்ப்பது நல்லது. எடையைக் கட்டுப்படுத்துவதற்காக ஸ்டீவியா, சுக்ரலோஸ் போன்ற இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனமும் 2023இல் பரிந்துரைத்தது.

ஓ.எம்.ஆரில் இரவுப் பணி. கேன்டீனில் சமோசாவும் நூடுல்ஸும்தான். நான் என்ன செய்வது? (சோழிங்கநல்லூர்)

தம்பி, பாக்கெட் பயன்படும் இடம் உங்களுடையதுதான். இரவு இரண்டு மணிக்குச் சமோசாவா, பாக்கெட்டா என்றால் தயங்காமல் பாக்கெட் என்பேன். ஆனால் ‘கீட்டோ’ என்று எழுதியிருப்பதைத் தேடாதீர்கள். உப்பு குறைவாகப் போட்டு வறுத்த வேர்க்கடலை, பாதாம், பூசணி விதை, சர்க்கரை சேர்க்காத தேங்காய்ச் சீவல் போதும். ஒரு கைப்பிடி வேர்க்கடலையில், அதாவது 30 கிராமில், மாவுச்சத்து 5 கிராம். அதிலும் பாதி நார்ச்சத்து. புரதம் 7 கிராமுக்கு மேல். வீட்டிலிருந்து இரண்டு அவித்த முட்டை கொண்டுபோக முடிந்தால் அதைவிடச் சிறந்தது ஒன்றுமில்லை.

ஆரோக்கியம் என்ற பெயரில் விற்கும் சிலவற்றில் ஏமாந்துவிடாதீர்கள். மக்கானா என்று சுவைப்பொடி தூவி வரும் வெள்ளைப் பொரி 100 கிராமில் 75 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. பொட்டுக்கடலையில் 60 கிராமை ஒட்டி. கம்பு, தினை, கேழ்வரகு முறுக்குகளும் அப்படித்தான். இவை மோசமான உணவுகள் அல்ல. கீட்டோவுக்குப் பொருந்தாதவை, அவ்வளவுதான். முந்திரியிலும் 30 கிராம் இருக்கிறது, அளவோடு எடுங்கள்.

கீட்டோ சப்பாத்தி மாவு நல்லதா? (அம்பத்தூர்)

பெரும்பாலானவை கோதுமைப் புரதம், சோயா மாவு, ஆளிவிதை, இசப்கோல் கலந்தவை. கோதுமை ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே கூடாது. மற்றவர்கள் சாப்பிடலாம்; இசப்கோல் இருப்பதால் தண்ணீர் நிறையக் குடியுங்கள், இல்லையென்றால் மலச்சிக்கல். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்குக் குருமா வைத்தால் அந்த மாவு வாங்கியதற்கே அர்த்தமில்லை.

ஒன்பது வயது மகள் கொஞ்சம் பருமன். பள்ளிக்கு கீட்டோ பார் கொடுத்து அனுப்பலாமா? (தாம்பரம்)

வேண்டாம் அம்மா. குழந்தைகளுக்கு கீட்டோ உணவு என்பது மருந்துக்கு அடங்காத வலிப்பு நோய்க்காக, மருத்துவர் மேற்பார்வையில் தரப்படும் சிகிச்சை. 1921இல் இந்த முறை தொடங்கியதே வலிப்பு நோய்க்காகத்தான். வளர்கிற பிள்ளைக்கு எடையைச் சொல்லித் தனி பார் கொடுத்தால், தோழிகளுக்கு நடுவில் அவள் மனம் என்ன பாடுபடும்? வேர்க்கடலை, கொய்யா, அவித்த முட்டை, சுண்டல் கொடுங்கள். மாலையில் ஓடி விளையாட விடுங்கள்.

இணையத்தில் வாங்கிய பாதாம் மாவுக் குக்கீஸ் ஒருவித வாடை அடிக்கிறது. தேதி முடியவில்லை. (ராயபுரம்)

காறிப்போயிருக்கிறது. கொட்டை மாவில் எண்ணெய்ப் பசை அதிகம். சென்னை வெயிலில் கிடங்கிலும் வண்டியிலும் கிடந்தால் தேதிக்கு முன்பே காறும். சாப்பிடாதீர்கள். அடுத்த முறை சிறிய பாக்கெட்டாக வாங்கி, பிரித்ததும் காற்றுப் புகாத டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

இவ்வளவு விலை கொடுக்காமல் வீட்டிலேயே என்ன செய்யலாம்? என் கணவர் அசைவம், நான் சைவம். (சிந்தாதிரிப்பேட்டை)

மீன் சந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கிறீர்களே! நெத்திலியை வாங்கி மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, எலுமிச்சைச் சாறு பிசறி, சோள மாவோ அரிசி மாவோ சேர்க்காமல் மொறுமொறுவென வறுத்து வையுங்கள். எந்தக் கீட்டோ மிக்சரும் அதன் பக்கத்தில் நிற்காது. முட்டைப் பொடிமாஸில் தேங்காய்த் துருவலும் கறிவேப்பிலையும் தாராளமாகப் போடுங்கள்.

உங்களுக்குத் தேங்காய்ப் பத்தை. 100 கிராமில் 15 கிராம் மாவுச்சத்து, அதில் 9 கிராம் நார்ச்சத்து. பனீரை மிளகும் சீரகமும் தட்டிப்போட்டு நல்லெண்ணெயில் பிரட்டலாம். வாழைத்தண்டை மெலிதாக நறுக்கி மோரில் போட்டு, கடுகும் பெருங்காயமும் தாளித்துக் கொட்டினால் மாலை வேளைக்கு வயிறு நிறையும். வெள்ளரிக்காய், காய்ந்த மிளகாய் தாளித்த காலிஃப்ளவர், உப்பில் ஊறிய நெல்லிக்காய் எல்லாம் இருக்கின்றன. மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடும் நம் ஊர்ப் பேலியோ அன்பர்கள் சொல்லும் ‘100 பாதாம்’ ஒரு வேளை உணவுக்கு மாற்றாகச் சொல்லப்படுவது என்பதை மறக்காதீர்கள். அதில் 700 கலோரி வரை இருக்கிறது. சாப்பாட்டுக்கு மேல் கொறிப்பதற்கு அல்ல.

கீட்டோ பண்டங்களைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. ஆனாலும் எடை அசையவில்லை. ஏன் மேடம்? (கே.கே. நகர்)

கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்து 4. பாதாம் மாவும் வெண்ணெயும் சேர்ந்த பிஸ்கட், சாதாரண பிஸ்கட்டைவிடக் கலோரியில் குறைந்ததாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பல நேரம் கூடுதலாகவே இருக்கும். அதோடு, பசித்துச் சாப்பிடுவது குறைந்து, ‘இது கீட்டோதானே’ என்ற துணிச்சலில் நாள் முழுவதும் கொறிப்பது கூடிவிடுகிறது. முன்பு மிக்சர் டப்பா இருந்த இடத்தில் இப்போது கீட்டோ டப்பா இருக்கிறது. கை போகும் நேரமும் அளவும் மாறவில்லை.

இரண்டு வாரத்துக்கு எந்தப் பாக்கெட்டும் வாங்காமல் இருங்கள். மூன்று வேளையும் முட்டை, மீன், பனீர், காய், கீரை என்று வயிறார உட்கார்ந்து சாப்பிடுங்கள். மாலையில் கை டப்பாவைத் தேடினால் அது பசியா, பழக்கமா என்று எழுதி வையுங்கள். இடுப்புச் சுற்றளவை முதல் நாளும் கடைசி நாளும் அளந்துகொள்ளுங்கள். அந்தக் குறிப்போடு மறுபடி எழுதுங்கள். எந்தப் பாக்கெட்டைத் திரும்பச் சேர்க்கலாம் என்று அப்போது பார்ப்போம்.