வாடகைக்கு விடுவதற்காக வீடு வாங்கலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை; திருகோணமலை உவர்மலையில் எனது சொந்த வீட்டில் தனியாக வசிக்கின்றேன். பணிக்கொடையும் சீதனக் காணி ஒன்றை விற்ற பணமுமாக ஒன்றரைக் கோடி ரூபா நிலையான வைப்பில் இருக்கின்றது. வட்டி குறைந்துவிட்டதால், அந்தப் பணம் முழுவதற்கும் உப்புவெளியில் கடற்கரையை அண்டிய ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விடும்படி மருமகன் சொல்கின்றார். மாதம் 45,000 ரூபா வரும் என்றும், சீனக்குடாவின் பழைய எண்ணெய்த் தாங்கிகளைப் புதுப்பிக்கும் திட்டம் நடந்தால் அது இரட்டிப்பாகும் என்றும் கூறுகின்றார். வாங்கலாமா?

பதில்: வீடு ஒரு நாளும் காலியாக இல்லாமல் இருந்தாலும், ஆண்டுக்கு உங்கள் கைக்கு வருவது 540,000 ரூபா. அது நீங்கள் போடும் பணத்தில் 3.6 வீதமே. உறுதி எழுதும்போது முதல் ஓர் இலட்சத்துக்கு 3 வீதமும் எஞ்சியதற்கு 4 வீதமுமாக நீங்கள் கட்டவேண்டிய முத்திரை வரி 599,000 ரூபா. அதாவது ஓராண்டு வாடகைக்கும் மேலே. உள்ளூராட்சி சபைக்குக் கட்டும் சோலை வரியும் திருத்த வேலையும் இதற்குப் புறம்பானவை. அதே பணத்துக்கு வங்கி 8 வீதம் தருமானால் வட்டி 12 இலட்சம். அரச ஓய்வூதியத்துக்கு வரி இல்லை என்பதாலும், 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் வரையான வருமானத்துக்கு வரிவிலக்கு இருப்பதாலும், வேறு வருமானம் இல்லையென்றால் வங்கியில் சுயபிரகடனம் கொடுத்து, வட்டியில் 10 வீதம் பிடிக்கப்படுவதையும் தவிர்த்துக்கொள்ளலாம்.

ஆயினும் மருமகன் சொல்வதில் பாதி நியாயம் இருக்கின்றது. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டபோது வைப்பில் இருந்த பணம் கரைந்ததை நாம் எல்லோரும் கண்டோம். அன்று காணியும் கட்டடமும் வைத்திருந்தவர்களுக்கு அந்த அளவு இழப்பு இல்லை. ஆகவே வீட்டு வாடகையை ஒரு வருமானமாக நாடுவது தவறல்ல. எந்த வீடு, யாருக்கு என்பதில்தான் நான் உங்கள் மருமகனுடன் உடன்படவில்லை.

திருகோணமலையில் பன்னிரண்டு மாதமும் தவறாமல் வாடகை தருபவர்கள் சம்பளக்காரர்கள். மாகாண சபைத் திணைக்களங்களுக்கு இடமாற்றம் பெற்று வரும் உத்தியோகத்தர்கள், பொது வைத்தியசாலையின் வைத்தியர்களும் தாதியரும், சீனக்குடாவில் பிரீமா, டோக்கியோ சீமெந்து போன்ற ஆலைகளில் பணிபுரிவோர், கோணேசபுரியில் உள்ள பல்கலைக்கழக வளாகத்தின் விரிவுரையாளர்களும் மாணவர்களும் என இவர்களை நம்பி வீடு வைத்திருப்பவர் நிம்மதியாக இருக்கலாம். உப்புவெளிக் கடற்கரை வீட்டை நாடுவோர் பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகள். அவர்களின் பருவம் மே முதல் செப்டெம்பர் வரை மட்டுமே. வாடைக் காற்றும் மழையும் தொடங்கியதும் அறைகள் பூட்டிக் கிடக்கும். 2019 இன் குண்டுவெடிப்பு, 2020 இன் நோய்த்தொற்று, 2022 இன் எரிபொருள் வரிசை என்று அந்தப் பருவமும் கைவிட்ட ஆண்டுகள் உண்டு.

கடற்கரை வீட்டைப் பார்க்கப் போகும்போது விறாந்தையின் அழகில் நின்றுவிடாமல், மொட்டை மாடித் தட்டின் அடிப்புறத்தை அண்ணாந்து பாருங்கள். அங்கே பழுப்பு நிறக் கோடுகள் ஓடியிருந்தாலோ, பூச்சு பொருமி நின்றாலோ, உப்புக் காற்றில் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கின்றது என்று பொருள். கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது வெள்ளம் எதுவரை ஏறியது என்று அயலவரிடம் கேளுங்கள்.

எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றிய உடன்படிக்கை 2022 ஜனவரியில் ஏற்பட்டது. 2025 ஏப்ரலில் இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் சேர்ந்த முத்தரப்புப் புரிந்துணர்வு உடன்படிக்கையும் கைச்சாத்தானது. ஆனால் சம்பூர் அனல் மின் நிலையமும் இவ்வாறே பல ஆண்டுகள் பேசப்பட்டு, 2016 இல் கைவிடப்பட்டது. வேலைக்கு ஆட்கள் வந்து இறங்கிய பிறகு வாடகையை உயர்த்தலாம். வரப்போகின்றார்கள் என்பதற்காக இன்றே கூடிய விலை கொடுப்பது உங்கள் வயதில் தேவையற்ற துணிச்சல்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது வேறு. நீங்கள் இருக்கும் வீட்டின் அத்திவாரம் தாங்கும் என்று பொறியியலாளர் ஒருவர் சொன்னால், உள்ளூராட்சி சபையில் அனுமதி பெற்று, தனிப் படிக்கட்டுடன் மேல்மாடி ஒன்றைக் கட்டி ஒரு குடும்பத்துக்கு விடுங்கள். காணிக்கும் முத்திரை வரிக்கும் பணம் போகாது. உவர்மலை உத்தியோகத்தர்கள் விரும்பித் தேடும் இடம். இரவில் மேலே ஆள் நடமாட்டம் இருப்பதும் தனியே இருக்கும் உங்களுக்கு ஆறுதல். மீதிப் பணம் வங்கியில் இருக்கட்டும்.

கேள்வி: பாலையூற்றில் உள்ள எனது வீட்டை, இரண்டு சாட்சிகளின் கையொப்பத்துடன் நாமே தாளில் எழுதி ஓராண்டுக்குக் கொடுத்தேன். தவணை முடிந்தும் அவர்கள் வெளியேறவில்லை. அந்த எழுத்து செல்லுமா?

பதில்: 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆகவே ஓராண்டுக் குத்தகை என்ற வகையில் உங்கள் தாளுக்கு வலு இல்லை. மாதாந்த வாடகை உறவு என்ற அளவிலேயே நீங்கள் வாதாட வேண்டியிருக்கும். பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்தி, சட்டத்தரணி மூலம் அறிவித்தல் அனுப்புங்கள். தவணை முடிந்த குத்தகை வீட்டை விரைவாக மீட்பதற்கு 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் தனி நடைமுறை வகுத்துள்ளது. அது உங்களுக்குப் பொருந்துமா என்பதையும் அவரிடமே கேளுங்கள். மின்சாரத்தையோ தண்ணீரையோ நீங்களாகத் துண்டித்துவிடாதீர்கள். அது வழக்கை உங்களுக்கு எதிராகத் திருப்பிவிடும்.

கேள்வி: ஒப்பக் காணியில் (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியில்) கட்டிய வீடு மலிவாக வருகின்றது. வாங்கி வாடகைக்கு விடலாமா?

பதில்: வேண்டாம். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதியின்றிக் கைமாற்ற முடியாது. விற்பவர் எழுதித் தரும் எந்தத் தாளும் உங்களை உரிமையாளர் ஆக்காது.