கணப்படுப்பின் சூடு: எங்கே அளந்தீர்கள்?

சுவர்க் கணப்புக்குள் செருகி வைக்கும் விறகு இன்சர்ட் (கதவுள்ள இரும்பு அடுப்பு) பற்றி எனக்கு வரும் கேள்விகளில் பாதி, "எத்தனை டிகிரி வரை போகலாம்?" என்பதுதான். எந்த இடத்தில் அளந்தது என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. இம்முறை வந்தவற்றில் சில:

கேள்வி: காந்த வெப்பமானியில் 115 முதல் 245 டிகிரி செல்சியஸ் வரை 'நல்லது' என்று வண்ணம் போட்டிருக்கிறது. கதவுக்கு மேலே ஒட்டினால் 300 காட்டுகிறது. பயப்பட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். அந்த வண்ணப் பட்டை, வெளியே தெரியும் ஒற்றைத் தகட்டுப் புகைக்குழாய்க்காகப் போட்டது. அந்தக் குழாயின் மேற்பரப்பு காட்டுவது, உள்ளே ஓடும் புகையின் சூட்டில் ஏறத்தாழப் பாதி. 115-க்குக் கீழே புகையிலுள்ள தார் குழாய்ச் சுவரில் குளிர்ந்து படியும். கிரியோசோட் என்பது அதுதான். இன்சர்ட்டிலோ அந்தக் குழாய் சுவருக்குள் மறைந்துகிடக்கிறது. நீங்கள் அளப்பது அடுப்பின் உடம்பை. அங்கே 200 முதல் 370 வரை வழக்கமாகக் காணும் சூடுதான். உங்கள் மாடலின் கையேடு வேறு எல்லை சொன்னால் அதுவே முடிவு.

முகப்பில் ஒரே ஓர் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காய்ந்த விறகு போட்டு, பத்து நாள் அந்த எண்ணை எழுதி வையுங்கள். பிறகு அதே விறகுக்கு, அதே காற்றுத் திறப்புக்கு எண் ஏறினால் கதவைச் சுற்றிக் காற்றை அடைக்கும் கயிறு தளர்ந்து காற்று புகுகிறதா என்று முதலில் பாருங்கள். வண்ணப் பட்டையை விட இந்தப் பழக்கத்தைத்தான் நான் நம்புகிறேன்.

கேள்வி: ஃபேன் போட்டவுடன் சூடு இறங்குகிறது. தீ குறைகிறதா?

இல்லை. ஃபேன் இரும்பின் சூட்டை அறைக்குள் தள்ளுகிறது, அதனால் மேற்பரப்பு குளிர்கிறது. எழுதி வைக்கும்போது ஃபேன் ஓடியதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: அகச்சிவப்புத் துப்பாக்கி வெப்பமானி போதாதா?

மங்கலான கருப்புப் பெயின்ட் அடித்த இரும்பில் நன்றாகவே காட்டும். பளபளக்கும் பித்தளையிலும் எவர்சில்வரிலும் உண்மையைவிட மிகக் குறைத்துக் காட்டும். கண்ணாடி வழியே தீயைக் குறிவைத்தால் வருவது கண்ணாடியின் சூடு. தீயின் சூடு அல்ல.

கேள்வி: புகையின் சூட்டையே நேராக அளக்க வழி உண்டா?

உண்டு. கே வகைத் தெர்மோகப்பிள் (அதிகச் சூட்டை அளக்கும் கம்பி உணரி) முனையைப் புகைவழியில் பொருத்தி, ஒயரை முகப்புத் தகட்டின் பின்னால் கொண்டுவந்து டிஜிட்டல் காட்டியில் இணைப்பார்கள். உள்ளே 200 முதல் 480 வரை இருந்தால் நிம்மதி. ஒயரின் உறை கண்ணாடி இழையாகவோ உலோகமாகவோ இருக்கட்டும், பிளாஸ்டிக் உருகிவிடும். லைனரில் (புகைபோக்கியின் உட்குழாயில்) நீங்களே துளை போடாதீர்கள். ஆண்டுச் சுத்தத்துக்கு இன்சர்ட்டை வெளியே இழுக்கும்போது பொருத்துபவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: என்ன செய்தாலும் 150-ஐத் தாண்டவில்லை. கண்ணாடியும் கறுக்கிறது.

பெரும்பாலும் ஈர விறகு. ஒரு கட்டையைப் பிளந்து, புதிதாகத் தெரியும் முகத்தில் ஈரமானியைக் குத்துங்கள். 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் தீயின் பலமெல்லாம் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போகும்.

கேள்வி: ஒரு நாள் எண் விறுவிறுவென ஏறி, இரும்பு லேசாகச் சிவந்தது. என்ன செய்திருக்க வேண்டும்?

இருட்டில் இரும்பு மங்கலாகச் சிவப்பது 500 டிகிரியை ஒட்டி. காற்றுத் திறப்பை மூடுங்கள். கதவைத் திறக்காதீர்கள், தண்ணீர் ஊற்றவே கூடாது. புகைபோக்கிக்குள் இரைச்சல் கேட்டால் அங்கே படிந்த கிரியோசோட் தீப்பிடித்திருக்கலாம்; எல்லோரையும் வெளியேற்றித் தீயணைப்புத் துறையை அழையுங்கள். அப்படி நடந்துவிட்டால், புகைபோக்கியை ஒருவர் உள்ளே பார்த்துச் சரி என்று சொல்லும்வரை அடுத்த தீ வேண்டாம். வெளியே எதுவும் தெரியாவிட்டாலும் லைனரில் உள்ளே விரிசல் விழுந்திருக்கலாம்.

கேள்வி: காலையில் 40 காட்டுகிறது. சாம்பலை அள்ளலாமா?

அள்ளலாம், ஆனால் கங்கு உள்ளே உயிரோடு இருக்கலாம். மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு, வீட்டுக்கு வெளியே, மரத்தளம் இல்லாத இடத்தில் வையுங்கள்.