இந்தியப் பாஸ்போர்ட்டுடன் இங்கிலாந்தின் மாவட்ட கவுன்சில் தேர்தலில் வாக்களிக்கலாமா?

கேள்வி: கேம்பிரிட்ஜுக்கு மேற்கே கேம்போர்னில் குடியிருக்கிறோம். எனக்கு ஸ்கில்டு ஒர்க்கர் விசா, மனைவிக்கு டிபென்டன்ட் விசா. இருவரும் இந்தியக் குடிமக்கள். கவுன்சில் வரியைத் தவறாமல் கட்டுகிறோம். மாவட்ட கவுன்சில் தேர்தலுக்காக ஒரு கட்சிக்காரர் வீட்டுக்கு வந்து வாக்குக் கேட்டார். எங்களுக்கு வாக்கு உண்டா? வாக்களித்தால் விசாவுக்கோ, பின்னால் நிரந்தரக் குடியிருப்பு கேட்கும்போதோ சிக்கல் வருமா? ஊரில் உள்ள வாக்கு போய்விடுமா? சாலைக் குழிகள், பஸ் வசதி, பிள்ளைக்குப் பள்ளியில் இடம், இவைதான் எங்கள் கவலைகள். வேட்பாளரிடம் என்ன கேட்க வேண்டும்?

பதில்: உங்கள் இருவருக்கும் வாக்கு உண்டு. பிரிட்டனில் சட்டப்படி தங்கியிருக்கும் காமன்வெல்த் குடிமக்கள், 18 வயது நிறைந்திருந்தால், இங்கிலாந்தின் உள்ளாட்சித் தேர்தல்களில் மட்டுமல்ல, நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய எல்லாம் காமன்வெல்த் நாடுகளே. விசாவின் வகை இங்கே பொருட்டல்ல. அது செல்லுபடியாக இருந்தால் போதும். உங்களோடு வேலை செய்யும் அமெரிக்கர் இதே கவுன்சில் வரியைக் கட்டினாலும் அவருக்கு இந்த உரிமை கிடையாது. உங்களுக்கு இருக்கிறது. அதைக் கிடப்பில் போடாதீர்கள்.

விசாவைப் பற்றிய பயம் வேண்டாம். சட்டம் கொடுத்த உரிமையைப் பயன்படுத்துவது எந்த விண்ணப்பத்திலும் குறையாகாது. கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: பதிவுப் படிவத்தில் குடியுரிமை என்ற கட்டத்தில் 'இந்தியன்' என்றே எழுதுங்கள். இங்கே வசிப்பதால் 'பிரிட்டிஷ்' என்று போட்டுவிடும் தவறு சிலருக்கு நேர்கிறது. தெரிந்தே பொய்த் தகவல் தருவது குற்றம். அந்தப் பதிவு நாளைக்கு உங்களுக்கு எதிராகத் திரும்பலாம்.

இங்கே வாக்களிப்பதால் இந்தியக் குடியுரிமைக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. வேறு நாட்டுக் குடியுரிமையை ஏற்றால்தான் அது போகும். இந்திய வாக்கைப் பொறுத்தவரை, வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியக் குடிமகன் படிவம் 6ஏ வழியாக 'வெளிநாடுவாழ் வாக்காளர்' என்று பதிந்துகொள்ளலாம். ஆனால் வாக்குப்பதிவு நாளில் பாஸ்போர்ட்டோடு சொந்தத் தொகுதிக்கு நேரில் போயாக வேண்டும்.

இனி பதிவு. கவுன்சில் வரி கட்டுகிறோமே, பெயர் தானாகவே பட்டியலில் ஏறியிருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஏறாது. அது வேறு கணக்கு, இது வேறு கணக்கு. அரசு இணையதளத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பதிய வேண்டும். பிறந்த தேதியும் நேஷனல் இன்சூரன்ஸ் எண்ணும் கையில் இருந்தால் சில நிமிட வேலைதான். வாக்குப்பதிவு நாளுக்கு 12 வேலை நாட்களுக்கு முன், நள்ளிரவோடு கெடு முடிகிறது. சனி, ஞாயிறு, வங்கி விடுமுறை எதுவும் அந்தக் கணக்கில் சேராது. மே மாதத் தேர்தலுக்கு முன்னால் ஈஸ்டர் விடுமுறை வந்தால், நீங்கள் நினைத்ததைவிட முன்னதாகவே கெடு வந்து நிற்கும். கடைசி வாரம் வரை காத்திருக்காதீர்கள்.

நம்மவர்களுக்கு இதில் வரும் தனிச் சிக்கல் பெயர். பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக இருக்கும்; அலுவலகத்தில் இனிஷியலோடு ஒரு பெயர் இருக்கும்; மனைவியின் பெயருக்குப் பின்னால் சில ஆவணங்களில் கணவர் பெயரும் சிலவற்றில் தந்தை பெயரும் இருக்கும். வாக்குச்சாவடியில் நீங்கள் காட்டும் அடையாள ஆவணத்தின் பெயரும் வாக்காளர் பட்டியலின் பெயரும் ஒன்றுதான் என்று அங்கிருக்கும் அலுவலருக்குப் பட வேண்டும். எழுத்து ஒன்றிரண்டு மாறினால் பரவாயில்லை. முழுப் பெயரே மாறினால் நீங்கள் கூடுதல் ஆவணம் கொண்டுவர வேண்டியிருக்கும். ஆகவே பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பதியுங்கள்.

2023 மே முதல் இங்கிலாந்தின் உள்ளாட்சித் தேர்தல்களில் புகைப்பட அடையாளம் கட்டாயம். காமன்வெல்த் நாட்டுப் பாஸ்போர்ட் ஏற்கப்படும் என்பதால் உங்கள் இந்தியப் பாஸ்போர்ட்டே போதும். பிரிட்டிஷ் ஓட்டுநர் உரிமம், எல்-போர்டு நிலையில் உள்ள தற்காலிக உரிமம் உட்பட, செல்லும். அசல் ஆவணம்தான் வேண்டும். கைபேசியில் உள்ள படமோ நகலோ செல்லாது. உங்கள் விசா இப்போது இ-விசாவாகத்தான் இருக்கும். திரையில் அதைக் காட்டி வாக்களிக்க முடியாது என்பதை நினைவில் வையுங்கள். புதுப்பிப்பதற்காகப் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருக்கிறீர்கள், வேறு ஆவணமும் இல்லை என்றால், 'வாக்காளர் அடையாளச் சான்றிதழ்' ஒன்றை இலவசமாகப் பெறலாம். அதற்கான கெடு ஆறு வேலை நாட்களுக்கு முன், மாலை 5 மணி.

வாக்குப்பதிவு காலை 7 முதல் இரவு 10 வரை. வார நாளான வியாழக்கிழமைதான், விடுமுறை கிடையாது. தபாலில் வரும் வாக்காளர் அட்டை உங்கள் வாக்குச்சாவடி எது என்பதைச் சொல்லும், ஆனால் அதைக் கொண்டுபோவது கட்டாயமில்லை. விரலில் மை வைக்க மாட்டார்கள், இயந்திரமும் இருக்காது. காகிதச் சீட்டில் பென்சிலால் பெருக்கல் குறி போட வேண்டும். சவுத் கேம்பிரிட்ஜ்ஷயர் மாவட்ட கவுன்சிலின் 45 உறுப்பினர்களில் மூவர் கேம்போர்ன் வார்டுக்கு உரியவர்கள். ஆகவே கவுன்சில் முழுவதற்கும் தேர்தல் நடக்கும்போது மூன்று பேர் வரை குறியிடலாம். ஒருவரை மட்டும் பிடித்திருந்தால் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். நான்காவது குறி போட்டால் சீட்டு முழுவதும் செல்லாது. அந்த நாளில் ஊருக்குப் போயிருந்தால், தபால் வாக்கு இந்தியாவுக்கு வந்து திரும்பும் என்று நம்ப வேண்டாம். நம்பிக்கையான ஒருவரைப் பதிலாளாக நியமித்துவிட்டுப் போங்கள். அவர் தன் அடையாள ஆவணத்தைக் காட்டி உங்களுக்காக வாக்களிப்பார்.

உங்கள் கடைசிக் கேள்விதான் முக்கியமானது. நீங்கள் சொன்ன மூன்று கவலைகளில் ஒன்றுகூட மாவட்ட கவுன்சிலின் நேரடிப் பொறுப்பு அல்ல. சாலைகளும் பள்ளிச் சேர்க்கையும் மாவட்டத்துக்கு மேலடுக்கில் உள்ள கேம்பிரிட்ஜ்ஷயர் கவுன்டி கவுன்சிலிடம் இருக்கின்றன. பஸ் போக்குவரத்தின் பொறுப்பு கேம்பிரிட்ஜ்ஷயர், பீட்டர்பரோ கூட்டு ஆணையத்திடமும் அதன் மேயரிடமும் இருக்கிறது. இவற்றுக்குத் தனித்தனித் தேர்தல். வரிச் சீட்டை மாவட்டம்தான் அனுப்புகிறது, ஆனால் வசூலில் பெரும்பங்கு கவுன்டிக்குப் போகிறது. அந்தச் சீட்டிலேயே யாருக்கு எவ்வளவு என்று பிரித்துப் போட்டிருப்பார்கள், பாருங்கள்.

அப்படியானால் மாவட்டத்துக்கு என்ன வேலை? குப்பை, வீட்டு வசதி, உணவகங்களின் சுகாதாரச் சோதனை எல்லாம் உண்டு. ஆனால் கேம்போர்னில் இருப்பவர் கண்ணும் கருத்துமாகப் பார்க்க வேண்டியது கட்டட அனுமதி. 1990களின் இறுதியில் வெறும் வயல்களில் எழத் தொடங்கிய ஊர் உங்களுடையது. இன்னும் வீடுகள் வந்துகொண்டிருக்கின்றன. பெரிய குடியிருப்புக்கு அனுமதி தரும்போது, பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சாலைக்கும் பஸ்ஸுக்கும் கட்டுமான நிறுவனம் எவ்வளவு தர வேண்டும், எத்தனை வீடு முடிந்ததும் தர வேண்டும் என்று ஓர் ஒப்பந்தம் போடுவார்கள். பிரிவு 106 ஒப்பந்தம் என்று அதற்குப் பெயர். அதை முன்னின்று போடுவது மாவட்டம். உங்கள் மூன்று கவலைகளும் மாவட்ட கவுன்சிலரின் மேசைக்கு வந்து சேரும் வழி இதுதான்.

ஆகவே வாசலுக்கு வரும் வேட்பாளர் 'குழிகளை மூடுவேன்' என்றால், 'அது கவுன்டியின் வேலை ஆயிற்றே, நீங்கள் எப்படிச் செய்வீர்கள்?' என்று மரியாதையாகக் கேளுங்கள். அடுத்து, 'எங்கள் பகுதியின் 106 ஒப்பந்தப்படி வர வேண்டிய பணத்தில் எவ்வளவு வந்திருக்கிறது, எதற்குச் செலவானது?' என்று கேளுங்கள். பதவியில் இருப்பவருக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். புதியவர் தேடிச் சொல்கிறேன் என்றாவது சொல்ல வேண்டும். இந்தக் கவுன்சில் 2023 ஜனவரியில் ஊழியர்களுக்கு வாரம் நான்கு நாள் வேலை என்ற சோதனையைத் தொடங்கி, 2025 ஜூலையில் அதை நிரந்தரமாக்க முடிவெடுத்தது. 2018 முதல் பெரும்பான்மையோடு நடத்திவரும் லிபரல் டெமாக்ரட்டுகள் அதை ஆதரிக்கிறார்கள், கன்சர்வேட்டிவ்கள் எதிர்க்கிறார்கள். உங்கள் நிலைப்பாடு எதுவாயினும் வேட்பாளரின் நிலைப்பாட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டு வாக்கால் என்ன ஆகிவிடப் போகிறது என்று எண்ண வேண்டாம். இந்தத் தேர்தல்களில் பல இடங்களில் மூன்றில் ஒரு பங்கினர் வந்து வாக்களித்தாலே அதிகம். 2017இல் நார்தம்பர்லாந்தின் ஒரு வார்டில் இரு வேட்பாளர்கள் சம வாக்குப் பெற்று, குச்சி இழுத்து வெற்றியாளரை முடிவு செய்தார்கள்.

மாவட்டம், கவுன்டி என்ற இரட்டை அடுக்கை நீக்கி ஒரே கவுன்சிலாக்கும் திட்டத்தை 2024 டிசம்பரில் அரசு அறிவித்தது. அதனால் உங்கள் மாவட்டமும் நாளை வேறு பெயரில் வேறு எல்லையோடு அமையலாம். அதற்காக மறுபடி பதிய வேண்டியதில்லை. இப்போது ஏறும் பெயர் தொடர்ந்து இருக்கும். வீடு மாறினால் மட்டும் புதிய முகவரியில் மீண்டும் பதியுங்கள்.